படத்தில் விழாத வலி

பாதவலியோடு மருத்துவமனைக்குப் போகிறவர்களில் பலர் கையில் ஒரு பெரிய உறையோடு வீடு திரும்புகிறார்கள். உறைக்குள் எக்ஸ்-ரே படம். கூடவே, 'எலும்பெல்லாம் நல்லா இருக்கு, ஒண்ணும் இல்லை' என்ற ஒரு வரி. எலும்பு முறியவில்லை என்ற அளவில் அது நல்ல செய்திதான். ஆனால் நாள் போகப் போக அந்த வரியின் பொருள் மாறிக்கொண்டே போகிறது. எலும்பில் ஒன்றும் இல்லை என்று சொன்னது காலில் ஒன்றும் இல்லை என்றாகி, மாதம் ஒன்று கழிவதற்குள், வலிக்கிறது என்று சொல்பவருக்கே ஒன்றும் இல்லை என்றாகிவிடுகிறது. வீட்டில் இருப்பவர்கள் காது கொடுப்பதை நிறுத்திவிடுகிறார்கள். வலி உள்ளவருக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிடுகிறது. காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது குதிகாலில் சுருக்கென்று ஏறுகிற வலி மட்டும் அப்படியே இருக்கிறது.

'காரணம் தெரியாத பாதவலி' என்று பெயர் வாங்கிய வலிகளில் பலவும் உண்மையில் சரியாக விசாரிக்கப்படாத வலிகள். எந்த இடத்தில், எந்த நேரத்தில், எப்படி வலிக்கிறது என்ற மூன்று கேள்விகளைப் பொறுமையாகக் கேட்டாலே அவற்றில் பலவற்றுக்குக் காரணம் கிடைத்துவிடும். எவ்வளவு கேட்டாலும் காரணம் பிடிபடாத வலிகளும் இருக்கத்தான் செய்கின்றன. அவையும் பொய் வலிகள் அல்ல. காரணம் தெரியும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டிய தேவையும் அவற்றில் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொண்டால், படத்துக்கு நாம் கொடுத்து வைத்திருக்கும் நீதிபதி நாற்காலி அதற்கு எவ்வளவு பொருந்தாதது என்பது விளங்கும்.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள், அவற்றைப் பிணைக்கவும் இழுக்கவும் நூற்றுக்கும் மேற்பட்ட தசைகள், தசைநாண்கள், தசைநார்கள் இருக்கின்றன. எக்ஸ்-ரே தெளிவாகக் காட்டுவது இந்தக் கூட்டத்தில் எலும்பை மட்டுமே. நரம்பு, ரத்தக்குழாய், சவ்வு, குதிகாலின் கொழுப்பு மெத்தை எதுவும் அதில் சரியாகத் துலங்காது. எலும்பிலேயே கூட அது எப்போதும் நம்பகமான சாட்சி இல்லை. எக்ஸ்-ரே கண்டுபிடிக்கப்படுவதற்கு 40 ஆண்டுகள் முன்பு, 1855-ல், பிரைட்ஹவுப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர், நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த படைவீரர்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பதிவு செய்தார். அடி எதுவும் படாமல் ஏன் வலிக்கிறது என்பது அன்றைக்குப் பிடிபடவில்லை. எக்ஸ்-ரே வந்தபிறகுதான், திரும்பத் திரும்ப விழும் பளுவால் பாதத்தின் நடு எலும்பில் மயிரிழை விரிசல் விழுகிறது என்பது தெரிந்தது. இன்றும் அந்த விரிசல் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குப் படத்தில் தெரியாமல் போவது வழக்கம். திடீரென்று தினமும் ஏழெட்டு கிலோமீட்டர் நடக்கத் தொடங்கியவர், போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகுகிறவர், பாதயாத்திரை போய்வந்தவர் ஆகியோருக்கு ஒரே புள்ளியில் விரல் வைத்தால் உயிர் போகிற வலி இருக்குமானால், சுத்தமான எக்ஸ்-ரேயை நம்பி மறுபடி ஓடச் சொல்வது ஆபத்து. ஓட்டத்தை நிறுத்தி, இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி படம் எடுப்பது, அல்லது உடனே எம்.ஆர்.ஐ. பார்ப்பதுதான் முறை.

படம் காட்டாததைப் பேச்சு காட்டும். இதில் தமிழர்களுக்கு ஒரு வசதி உண்டு. வலியைச் சொல்ல நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிச்சல், காந்தல், இழுப்பு, பிடிப்பு, மதமதப்பு. விண்விண்ணென்று தெறிப்பது, சுரீரென்று ஓடுவது, எறும்பு ஊர்வது, பஞ்சின்மேல் நடப்பதுபோல் இருப்பது. இவை ஒன்றுக்கொன்று மாற்றாகச் சொல்லப்படும் சொற்கள் அல்ல. எரிச்சல், காந்தல், மதமதப்பு, ஊசி குத்தல் ஆகியவை நரம்பு பேசும் மொழி. விண்விண்ணென்று தெறித்தால் அழற்சியோ சீழோ இருக்கலாம். நடக்க நடக்கக் கெண்டைக்கால் கடுத்து, நின்றதும் அடங்கினால் ரத்த ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். கனடாவின் ரொனால்ட் மெல்சாக் 1975-ல் வெளியிட்ட வலி வினாப்பட்டியல் இந்த அடிப்படையில்தான் உருவானது. நோயாளிகள் வலியை விவரிக்கப் பயன்படுத்தும் 78 சொற்களைத் திரட்டி, அவற்றை 20 தொகுதிகளாகப் பிரித்து, எந்த வகைச் சொல்லை ஒருவர் தேர்ந்தெடுக்கிறார் என்பதை ஒரு பரிசோதனையாகவே அவர் ஆக்கினார். கிராமத்துப் பாட்டி 'காலு காந்துதுய்யா' என்று சொல்லும்போது சீட்டில் 'கால் வலி' என்று மட்டும் எழுதினால், அவர் தந்த மிக முக்கியமான தடயம் அங்கேயே தொலைந்துவிடுகிறது.

நேரமும் அப்படித்தான். எழுந்ததும் வைக்கிற முதல் அடியில் குதிகாலின் உட்புற அடியில் சுருக்கென்று குத்தி, நாலு அடி நடந்தால் குறைந்து, உட்கார்ந்து எழுந்தால் மறுபடி தொடங்கும் வலிக்குப் பெரும்பாலும் ஒரே விலாசம்தான். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை ஓடும் தடித்த சவ்வு அது. பிளான்டர் ஃபேசியா என்பது அதன் மருத்துவப் பெயர். வாழ்நாளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்த வலி வரும் என்பது மருத்துவ நூல்களின் கணக்கு. இந்தச் சவ்வு செய்யும் வேலையை ஜே.ஹெச். ஹிக்ஸ் என்ற ஆய்வாளர் 1954-ல் கிணற்று ராட்டினத்தோடு ஒப்பிடத்தக்க வகையில் விளக்கினார். நடையில் பெருவிரல் மேல்நோக்கி மடங்கும்போது, உருளையில் கயிறு சுற்றுவதுபோல் சவ்வு விரலடியில் சுற்றி இறுகுகிறது. பாதத்தின் வளைவு உயர்ந்து, தளர்ந்திருந்த பாதம் விறைத்த நெம்புகோலாகி உடலை முன்னால் தள்ளுகிறது. ஒவ்வோர் அடிக்கும் இது நடக்கிறது. அவ்வளவு பளுவைத் தாங்கும் கயிறு ஒருநாள் நைந்துபோவதில் வியப்பில்லை. உடல் எடை சட்டென்று ஏறியவர்களுக்கும், நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர்களுக்கும், கெண்டைக்கால் தசை இறுகிப் போனவர்களுக்கும் அது சீக்கிரம் நைகிறது.

இந்த வலிக்காரர்களில் பலர் கையில் இருக்கும் எக்ஸ்-ரே ஒரு குற்றவாளியைக் காட்டுவதுபோல் தோன்றும்: குதிகால் எலும்பில் முள்போல வளர்ந்த ஒரு நீட்சி. 'எலும்பு வளர்ந்திருக்கு' என்று கேட்டவுடன் பயம் பிடித்துக்கொள்கிறது; அந்த முள்தான் குத்துகிறது என்று நம்பிவிடுகிறோம். ஆனால் வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் அதே முள் உண்டு. கடும் வலி உள்ளவர்களில் பலருக்கு அது இல்லை. ஒன்றும் காட்டாதபோது வலியை மறுத்த அதே படம், இங்கே எதையோ காட்டி நம்மைத் தவறான இடத்துக்கு அழைத்துப் போகிறது. இன்னொரு நம்பிக்கையும் 2003-ல் ஆட்டம் கண்டது. அமெரிக்கப் பாத மருத்துவர் ஹார்வி லெமாண்டும் அவருடைய குழுவினரும், அறுவை சிகிச்சையில் எடுக்கப்பட்ட 50 பேரின் சவ்வுத் துண்டுகளை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அழற்சி இருக்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட இடத்தில் அவர்கள் கண்டது தேய்மானமும் சிதைவும்தான். நாள்பட்ட குதிகால் வலியை வெறும் அழற்சி என்று எண்ணி மாதக்கணக்கில் வலி மாத்திரை விழுங்குவது ஏன் பலன் தருவதில்லை என்பதற்கு இதில் ஒரு விடை இருக்கிறது. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நிம்மதி தரும். திரும்பத் திரும்பப் போட்டால் சவ்வு கிழியவும் குதிகாலின் கொழுப்பு மெத்தை கரையவும் வாய்ப்புண்டு.

நைந்த கயிற்றை ஓய்வு மட்டும் பலப்படுத்தாது. அளவான பளுதான் பலப்படுத்தும். டென்மார்க்கில் ராத்லெஃப் குழுவினர் 48 பேரிடம் செய்து 2015-ல் அச்சில் வந்த ஆய்வு இதைத்தான் சோதித்தது. சுருட்டிய துண்டின்மேல் விரல்களை மேல்நோக்கி மடக்கி வைத்து, படி விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல ஏற்றி மெல்ல இறக்கும் பயிற்சியை ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தவர்கள், சவ்வை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட மூன்றாம் மாதத்தில் நன்றாகத் தேறியிருந்தார்கள். ஓராண்டு முடிவில் இரு குழுவினரும் கிட்டத்தட்ட ஒரே நிலைக்கு வந்துவிட்டார்கள். இதை இரண்டு விதமாகவும் வாசிக்க வேண்டும்: பயிற்சி குணத்தைச் சீக்கிரப்படுத்துகிறது, அதே நேரம், பொறுமையாக இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே இது தணிந்துவிடுகிறது. பத்துப் பேரில் எட்டுக்கும் மேற்பட்டவர்கள் ஓராண்டுக்குள் குணமடைகிறார்கள் என்பதே பொதுவான அனுபவம். கட்டிலிலிருந்து இறங்குமுன் கால்விரல்களைக் கையால் பிடித்து முழங்காலை நோக்கிப் பத்து எண்ணும்வரை இழுத்து, விட்டு, மறுபடி இழுப்பது முதலடியின் சுருக்கைத் தணிக்கும். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போடுவது அடுத்த உதவி.

அந்த இடத்தில்தான் நம் வீடுகளில் மறுப்பு கிளம்பும். வீட்டுக்குள் செருப்பா என்பது ஒன்று. நம் தாத்தா பாட்டியெல்லாம் செருப்பே இல்லாமல் காடுமேடு நடந்தார்களே என்பது இன்னொன்று. இரண்டாவது மறுப்பு ஞாயமானது, பதில் சொல்லத் தகுந்தது. வெறுங்கால் நடையே கெடுதல் என்று யாரும் நிரூபிக்கவில்லை. சின்ன வயதிலிருந்து வெறுங்காலோடு நடந்த பாதத்தின் தசைகள் உரம் ஏறியவை. அவை மிதித்தது மண்ணும் சாணம் மெழுகிய தரையும். பல வருடம் ஷூவுக்குள் இருந்துவிட்டு, ஐம்பது வயதில், கூடிப்போன எடையோடு, கிரானைட் தரையில் சமையலறைக்கும் கூடத்துக்குமாக நாள் முழுக்க நடக்கிற பாதம் வேறு. வெறுங்கால் நடைக்குத் திரும்ப விரும்புகிறவர்கள் வலி தணிந்தபிறகு, மண்தரையில், கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பலாம். வாசலில் கழற்றும் செருப்பு வேறு, வீட்டுக்குள் போடும் செருப்பு வேறு என்று தனியாக வைத்துக்கொண்டால் முதல் மறுப்பும் தீர்ந்துவிடும்.

எரிச்சல் என்று சொல்கிறவர்களின் கதை முற்றிலும் வேறு. பாதம் எரிவதற்கு மருத்துவத்தில் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரின் பெயரும் இருக்கிறது. சேலத்தில் பிறந்து, பின்னாளில் இந்திய ஊட்டச்சத்து ஆய்வின் தலைமகனாக அறியப்பட்ட சி. கோபாலன், 1946-ல் பாத எரிச்சல் பற்றிய ஆய்வை வெளியிட்டார். சரியான உணவில்லாத ஏழைகளின் உள்ளங்கால் ராத்திரியானால் தீயாய் எரிந்தது. பி வகை வைட்டமின்களில் ஒன்றான பான்டோதெனிக் அமிலம் கொடுத்தபோது தணிந்தது. இன்றும் கிரியர்சன்-கோபாலன் நோய்க்குறி என்று பாடநூல்களில் அது நிற்கிறது. பார்த்தால் பாதத்தில் ஒரு சிவப்பும் இல்லை, வீக்கமும் இல்லை. அன்றைக்கு எக்ஸ்-ரே எடுத்திருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. காரணம் இருந்தது பாதத்தில் அல்ல, சோற்றுத் தட்டில்.

இன்று அந்த இடத்தைச் சர்க்கரை நோய் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஐ.சி.எம்.ஆர். துணையோடு சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்தி 2023-ல் வெளியான தேசிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் அது 14.4 சதவீதம், நோய்க்கு முந்தைய நிலையில் நாடு முழுக்க இன்னும் 13.6 கோடிப் பேர். உடம்பின் மிக நீளமான நரம்புகள் பாதத்துக்கு வருபவை. அதனால் கூடுதல் சர்க்கரையின் சேதம் முதலில் விரல் நுனியில் தொடங்கி, காலுறை போட்டதுபோல் மேலேறுகிறது. சிலருக்குச் சர்க்கரை இருப்பதே பாத எரிச்சல் வந்தபிறகுதான் தெரிகிறது. இன்னொரு நுட்பமும் உண்டு. சர்க்கரைக்காகப் பல வருடம் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு பி12 குறையக்கூடும். அந்தக் குறைவும் இதே எரிச்சலைத் தரும். சர்க்கரையால்தான் என்று முடிவுகட்டி விட்டுவிட்டால், எளிதில் சரிசெய்யக்கூடிய பி12 குறைவு நரம்பை அரித்துக்கொண்டே போகும். தைராய்டு குறைவும் மதுவும் இதே வரிசையில் வருபவை. ஆகவே காலில் எரிச்சல் என்றால் எக்ஸ்-ரேக்கு முன்னால் ரத்தப் பரிசோதனைதான் வர வேண்டும்: சர்க்கரை, மூன்று மாதச் சராசரி, பி12, தைராய்டு, சிறுநீரகத்தின் நிலை. இங்கேயும் பரிசோதனை ஏமாற்றலாம் என்பதைச் சொல்லியாக வேண்டும். நரம்பில் மின்னோட்டம் பாயும் வேகத்தை அளக்கும் சோதனை பருத்த நரம்பிழைகளை மட்டுமே அளக்கும். எரிச்சலையும் சூட்டையும் சுமப்பவை மெல்லிய இழைகள். அவை மட்டும் கெட்டிருந்தால் அறிக்கை 'நார்மல்' என்றே வரும்; நோயாளி மறுபடி பொய்க்காரராவார்.

இந்த எரிச்சல் ஒருநாள் தானாக நின்றுபோனால் சந்தோஷப்படக் கூடாது. நரம்பு குணமாகி எரிச்சல் நிற்பது உண்டு; நரம்பு செத்து நிற்பதும் உண்டு. வலி இல்லாத பாதம் என்னவாகும் என்பதை உலகத்துக்குச் சொன்னது வேலூர்தான். கொல்லிமலையில் 1914-ல் பிறந்த பால் பிராண்ட், லண்டனில் மருத்துவம் படித்து 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயில் சதை தானாக அழுகி உதிர்கிறது என்றுதான் அதுவரை நம்பினார்கள். அழுகவில்லை; வலி தெரியாததால் நோயாளிகள் ஆணியை மிதித்தும் தீயைத் தொட்டும் புண்ணோடு நடந்தும் தங்கள் கைகால்களைத் தாங்களே இழக்கிறார்கள் என்று அவர் காட்டினார். அந்தப் பாதங்களின் பளுவைப் பரப்பித் தாங்க வேலூரிலும் கரிகிரியிலும் உருவாக்கிய நுண்துளை ரப்பர்ச் செருப்புதான் இன்று ஊர் ஊராக விற்கும் எம்.சி.ஆர். செருப்பின் மூதாதை. 1993-ல் அவர் பிலிப் யான்சியோடு எழுதிய புத்தகம், வலியை யாரும் விரும்பாத ஒரு கொடை என்றே பெயரில் சொல்கிறது. இதைச் சர்க்கரை நோயாளிகள் மனதில் வைக்க வேண்டும். பாதம் வீங்கிச் சிவந்து சூடாக இருந்தும் வலி மட்டும் குறைவாக இருந்தால், உள்ளே எலும்புகள் நொறுங்கத் தொடங்கியிருக்கலாம். அதைச் சாதாரண வீக்கம் என்று எண்ணி நடந்துகொண்டே இருப்பவர்கள் பாதத்தின் வடிவத்தையே இழக்கிறார்கள். அதற்கு அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையால் பாதத்தில் தொட்டுப் பார்க்கும் சோதனை ஐந்து நிமிடம்கூட எடுக்காது. சர்க்கரை உள்ள ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஒருமுறை அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

வேறு காரணங்களும் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் உண்டு. நள்ளிரவில் பெருவிரல் மூட்டு வீங்கி, போர்வை பட்டாலே அலற வைப்பது கவுட்; அந்த நேரத்தில் ரத்தத்தில் யூரிக் அமிலம் சரியான அளவில் இருந்தாலும் அது கவுட்டாக இருக்கலாம். முப்பது வயது இளைஞருக்குக் குதிகால் வலியோடு விடியற்காலையில் இடுப்பு விறைத்து, நடமாட நடமாடத் தளர்ந்தால், முதுகெலும்பைத் தாக்கும் வாதநோயை நினைக்க வேண்டும். மூன்றாம், நான்காம் விரல்களுக்கு நடுவே கூழாங்கல்லை மிதிப்பதுபோல் இருந்தால், 1876-ல் அமெரிக்க மருத்துவர் மார்ட்டன் விவரித்த நரம்புத் தடிப்பு. பாதத்தின் வெளி ஓரத்தில் ஓடும் வலிக்கு மூலம் இடுப்புத் தண்டுவட்டில் இருக்கலாம். சிக்குன்குனியா வந்து போனபின் கணுக்காலும் பாதமும் மாதக்கணக்கில் வலிப்பதை 2006-ல் தமிழகம் பார்த்தது. பீடி, சிகரெட் பழக்கம் உள்ள இளைஞருக்குப் பாதம் குளிர்ந்து, ராத்திரி காலைத் தொங்கப் போட்டால் மட்டும் வலி குறைந்தால், ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு வருகிறது. அங்கே ஒவ்வொரு நாளும் கணக்கு. பாதம் திடீரென்று வெளிறிச் சில்லிட்டாலோ, காய்ச்சலோடு வீங்கினாலோ, இரண்டு காலும் மரத்துச் சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ யோசித்துக்கொண்டிருக்க நேரமே இல்லை.

எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டால் இந்த விசாரணையெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். நுட்பமான படம் அதிகம் காட்டும் என்பது உண்மை. காட்டுவதெல்லாம் காரணம் ஆகிவிடாது என்பதும் உண்மை. முதுகுவலி இல்லாதவர்களின் முதுகெலும்புப் படங்களைத் தொகுத்து 2015-ல் வெளியான ஆய்வில், இருபது வயதினரிலேயே 37 சதவீதம் பேருக்கும், எண்பது வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் தண்டுவட்டில் தேய்மானம் தெரிந்தது. குதிகால் முள்ளின் கதைதான் இங்கேயும். என்ன தேடுகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்தவருக்குத்தான் ஸ்கேன் உதவும். அந்தத் தெளிவு நோயாளியின் பேச்சிலிருந்தும், மருத்துவரின் விரல் பாதத்தில் அழுத்தும் இடத்திலிருந்தும் வர வேண்டும்.

இத்தனை கேட்டு, இத்தனை பார்த்த பிறகும் சிலருடைய வலிக்குக் காரணம் கிடைப்பதில்லை. அப்போது எழும் கேள்வி மிகவும் புண்படுத்தும் கேள்வி: அப்படியென்றால் மனசுதான் காரணமா? இந்தக் கேள்விக்குள் ஒரு தவறான கணக்கு ஒளிந்திருக்கிறது. உடம்பில் சேதம் எவ்வளவோ அவ்வளவு வலி, சேதம் இல்லாவிட்டால் வலி இல்லை என்ற கணக்கு அது. அதன் மிகப் பழைய படம் ஒன்றில் வருவதும் பாதம்தான். 1664-ல் அச்சான, பிரெஞ்சுத் தத்துவஞானி டேகார்ட்டின் நூலில், ஒருவனின் பாதம் நெருப்பருகே இருக்கும். அங்கிருந்து ஒரு நூல் மூளைவரை போகும். நூலை இழுத்தால் மேலே மணி அடிப்பதுபோல் வலி தெரியும். மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் 1965-ல் இந்த மணிக்கயிற்றை அறுத்தார்கள். தண்டுவடத்தில் ஒரு வாசல் இருக்கிறது; பாதத்திலிருந்து வரும் செய்தியை அது கூட்டவும் குறைக்கவும் செய்யும்; மூளையிலிருந்து இறங்கும் உத்தரவுகளும் அந்த வாசலைத் திறக்கும், சாத்தும் என்றார்கள். 1995-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒரு சிறு குறிப்பு இதற்குப் பொருத்தமானது. 29 வயதுக் கட்டடத் தொழிலாளி ஒருவர் குதித்தபோது பூட்ஸைத் துளைத்துக்கொண்டு 15 சென்டிமீட்டர் ஆணி மேலே வந்துவிட்டது. ஆணி சற்று அசைந்தாலும் துடித்தார். வலுவான மயக்க மருந்து கொடுத்துத்தான் அதை எடுக்க முடிந்தது. பூட்ஸைக் கழற்றினால் ஆணி இரண்டு விரல்களுக்கு நடுவே போயிருந்தது. பாதத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அவர் நடிக்கவில்லை. ஆபத்து என்று மூளை தீர்மானித்தது, வலி பிறந்தது.

பாதமே இல்லாதவருக்கும் பாதம் வலிப்பது இதைவிட உறுதியான சான்று. கால் எடுக்கப்பட்ட பலர், இல்லாத விரல்கள் மடங்கி இறுகுவதாகச் சொல்கிறார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், 1990-களில் ஒரு சாதாரணக் கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் காட்டி, அந்த வகை வலி சிலரிடம் தணிவதைக் கண்டார். காலிழந்த அமெரிக்கப் படைவீரர்களிடம் நடத்தி 2007-ல் வெளியான சோதனையிலும் கண்ணாடிப் பயிற்சி கைகொடுத்தது. வலி நரம்பு மண்டலத்தில் உருவாகிறது. பாதத்தின் திசு ஆறியபின்பும் அந்த மண்டலம் உஷார் நிலையிலேயே தங்கிவிடலாம். இதை மனப்பிரமை என்று சொல்வது, கள்வன் போன பிறகும் ஓயாமல் அடிக்கும் அலாரத்தைக் கற்பனை என்று சொல்வதற்குச் சமம். அலாரத்தின் சத்தம் நிஜம். சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-ல் திருத்திய வரையறையின் குறிப்பிலும், ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றே இருக்கிறது.

காரணம் தெரியாமல் எதற்கு மருந்து கொடுப்பது என்று கேட்கலாம். நரம்பு உணர்ச்சியைத் தணிக்கும் மருந்துகளுக்கு மூலக் காரணத்தின் பெயர் தேவையில்லை. வலியின் தன்மை தெரிந்தால் போதும். அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின், பிரிகாபலின் ஆகிய மூன்றையும் சர்க்கரை நோயாளிகளின் நரம்பு வலியில் ஒப்பிட்டு 2022-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு, மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவு பலன் தருவதையும், ஒன்று போதாதபோது இரண்டைச் சேர்த்தால் கூடுதலாக உதவுவதையும் காட்டியது. முதல் இரண்டின் பெயரையும் இணையத்தில் தேடும் வீட்டார், இது மனச்சோர்வு மாத்திரை ஆயிற்றே என்று பயந்து நிறுத்திவிடுகிறார்கள். தண்டுவடத்தின் அந்த வாசலைச் சாத்த உதவும் வேதிப்பொருள்களை இவை கூட்டுகின்றன; அதற்குத்தான் கொடுக்கிறார்கள். மருத்துவர் இதைச் சீட்டு எழுதும்போதே சொல்லிவிட்டால் பாதி மாத்திரைகள் குப்பைக்குப் போகாது. மருந்துக்கடையில் தானாக வாங்கும் வலி மாத்திரைகள் இந்த வகை வலிக்கு அநேகமாக எடுபடாது. சர்க்கரை உள்ளவர்களின் சிறுநீரகத்துக்கு அவை கேடும் செய்யும்.

மருந்தோடு நடையும் வேண்டும், கணக்காக. வலிக்கும் என்று நடையை அடியோடு விட்டால் தசை இளைக்கும், உஷார் மண்டலம் இன்னும் கூர்மையாகும். நல்ல நாளில் வீம்புக்கு நடந்தால் அடுத்த மூன்று நாள் படுக்கை. எட்டு நிமிடம் நடந்தால் வலி மோசமாகிறதென்றால் ஆறு நிமிடத்தில் நிறுத்தி, வாரத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம் கூட்டிப் போவது மந்தமாகத் தோன்றினாலும் தாக்குப்பிடிக்கும் வழி. ராத்தூக்கம் கெட்டவர்களுக்கு மறுநாள் வலி கூடும். ஆகவே தூக்கத்தைச் சரிசெய்வதும் வைத்தியத்தில் அடக்கம்.

அரசு மருத்துவமனையின் வெளிநோயாளிப் பிரிவில் ஒருவருக்கு இரண்டு நிமிடம் கிடைப்பதே பெரிது. இதையெல்லாம் எந்த மருத்துவர் கேட்பார் என்பது கடைசி மறுப்பு, மறுக்க முடியாத மறுப்பும்கூட. நேரத்தை நோயாளியால் உண்டாக்க முடியாது. இருக்கும் நேரத்தைக் காப்பாற்ற முடியும். ஒரு வாரம் குறித்து வைத்த அரைப்பக்கக் காகிதம் போதும். வலி தொடங்கிய மாதம், அப்போது மாறியது என்ன (செருப்பா, வேலையா, எடையா, புது மாத்திரையா), விரல் வைத்துக் காட்டக்கூடிய இடம், மோசமாகும் நேரம், அதற்கு நம் வாயில் தானாக வரும் சொல். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்தோடு இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. மாத்திரை கொடுக்க வருகிறவர் காலணியைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்த்து, எரிகிறதா மரக்கிறதா என்று கேட்பதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

'என்ன வேலை பார்க்கிறீர்கள்?' என்பது அந்தக் காகிதத்தில் கட்டாயம் இருக்க வேண்டிய கேள்வி. ஜவுளிக்கடை, நகைக்கடை, மருத்துவமனை, ஓட்டல் அடுப்படி என்று பத்து மணிநேரம் நிற்கும் உடம்புக்கு எந்தப் பயிற்சியும் முழுப் பலன் தராது. கோழிக்கோட்டுக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடினார்கள். 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ளும்படி எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி தர வேண்டும் என்று விதித்தது. பாதவலிக்கு இந்த மாநிலம் எழுதிய மிகப் பெரிய மருந்துச்சீட்டு அது. நாற்காலி கடையில் இருக்கிறதா என்பதோடு, வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அதில் உட்காருகிற பெண்ணை மேற்பார்வையாளர் எழுப்பாமல் இருக்கிறாரா என்பதையும் தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் பார்க்க வேண்டும். குதிகால் வலி என்று வரும் விற்பனைப் பெண்ணுக்கு மாத்திரையோடு, 'மணிக்கு ஒருமுறை உட்கார அனுமதிக்கவும்' என்று மருத்துவர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால், அதை நீட்ட அவளுக்கு இப்போது ஒரு சட்டம் இருக்கிறது.